ஈரோட்டின் பணம் எங்கிருந்து வருகிறது? அங்கே வியாபாரம் தொடங்க நினைப்பவருக்கு ஒரு பதில்

"ஈரோட்டில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய கம்பெனிகள் இல்லை. அப்படியிருந்தும் கடைவீதியில் எப்போதும் கூட்டம், பெருந்துறை ரோடு முழுக்க மருத்துவமனைகள். எதை வைத்து இந்த ஊர் ஓடுகிறது? சிறிய முதலீட்டில் ஜவுளி வியாபாரம் தொடங்க அங்கே குடிபோகலாமா?" இதுதான் கேள்வி.

ஊருக்குள் என்ன உற்பத்தியாகிறது என்று பார்த்தால் விடை கிடைக்காது. சுற்றிலும் அறுபது எழுபது கிலோமீட்டருக்குள் விளைவதும் நெய்வதும் காசாக மாறுகிற இடம் ஈரோடு. மஞ்சள், துணி, மாடு, தேங்காய், எள், நாட்டுச் சர்க்கரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளும் ஓர் இடமும் உண்டு. அந்த நாளில் வாங்க வருகிறவர் வெளி மாநிலத்தவர், விற்க வருகிறவர் பக்கத்து ஊர்க்காரர். இடையில் நிற்கும் தரகர், லாரி புக்கிங் ஆபீஸ், குடோன், கடன் கொடுப்பவர், கணக்கெழுதுபவர் ஆகியோர்தான் ஈரோட்டுக்காரர்கள்.

2011 கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 1.57 லட்சம் பேர். ஒட்டியிருந்த ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுப்பில் 5.2 லட்சத்துக்கு மேல். வீரப்பன்சத்திரம், சூரம்பட்டி, காசிபாளையம், பெரியசேமூர் எல்லாம் அதுவரை தனித்தனி நகராட்சிகள். தறிகள் பெரும்பாலும் அங்கேதான் ஓடின. பிறகுதான் அவை மாநகராட்சிக்குள் வந்தன. காவிரியின் அக்கரையில் உள்ள பள்ளிபாளையமும் சேஷசாயி காகித ஆலையும் நாமக்கல் மாவட்டம். ஆனால் அங்கே சம்பளம் வாங்குகிறவர் பாலத்தைத் தாண்டி ஈரோட்டில்தான் பண்டிகைத் துணி எடுக்கிறார். மாவட்ட எல்லையை வைத்துக் கணக்குப் போட்டால் இந்த ஊர் பிடிபடாது.

முதலில் தண்ணீர். பவானிசாகர் அணை 1955இல் முடிந்தது, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி), முழு நீர்மட்டம் 105 அடி. அங்கிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. எல்லா நிலத்துக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கிடையாது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15 வாக்கில் நெல்லுக்காக 120 நாள், மறு பாதிக்கு ஜனவரி முதல் எள், கடலை போன்ற புன்செய்ப் பயிருக்கு விட்டு விட்டுத் திறப்பது வழக்கம். மறுவருடம் முறை மாறும். இதற்கெல்லாம் முன்னோடி, 13ஆம் நூற்றாண்டில் பவானி கூடுதுறைக்கு அருகில் அணைகட்டி வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால். ஈரோட்டை ஒட்டி ஓடும் அந்த வாய்க்காலில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் உண்டு. மஞ்சள், வாழை, கரும்பு என்று நீண்டகாலப் பயிர்கள் அந்தக் கரையில் நிலைத்ததற்குக் காரணம் அதுதான்.

நீங்கள் துணிக்கடை வைக்கப் போகிறவராக இருந்தாலும் அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கப் பழகுங்கள். ஆகஸ்டில் வாய்க்கால் திறக்கவில்லை என்றால், அந்தப் பாசனப் பகுதிச் சிற்றூர்களில் தீபாவளி விற்பனை மெலியும். உள்ளூர்ச் சில்லறைக் கடைக்காரர்கள் கொள்முதல் அளவை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் சுமார் 710 கோடி ரூபாய்த் திட்டத்தில் விவசாயிகள் இரண்டு அணியாக நின்றதும் இதே கணக்குதான். வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும். வழியில் உள்ளவரின் கிணறு வாய்க்கால் கசிவில்தான் ஊறுகிறது. இருவர் கவலையும் நியாயமானது.

அடுத்து மஞ்சள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சந்தைக்கு வருமுன் அது படும் பாட்டைப் புரிந்துகொண்டால்தான் விலை புரியும். ஜூன் வாக்கில் நடவு, ஏக்கருக்கு 800 முதல் 1,000 கிலோ விதைக்கிழங்கு. ஒன்பது பத்து மாதம் நிலத்தில் நிற்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வெட்டு. வெட்டிய இரண்டு மூன்று நாளில் வேகவைக்க வேண்டும். விரல் போல நீண்ட விரலியையும் உருண்டைத் தாய்க்கிழங்கையும் சேர்த்து வேகவைக்கக் கூடாது. கிழங்கு தடிப்பு, அது வேகிற நேரத்தில் விரலி குழைந்துவிடும். முன்பு பெரிய கொப்பரையில் தண்ணீர் ஊற்றி வேகவைத்தார்கள். இப்போது வாடகைக்கு வரும் நீராவி பாய்லர். வெந்ததா என்று பார்க்க ஈர்க்குச்சியால் குத்துவார்கள், தடையில்லாமல் இறங்க வேண்டும். வேகாமல் எடுத்தால் உள்ளே ஈரம் நின்று சீராகக் காயாது. பாலிஷ் டிரம்மில் உடையும், பிறகு வண்டு விழும். அதிகம் வெந்தால் நிறம் கறுக்கும். களத்தில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் கனமாகக் குவித்தால் அடியில் பூஞ்சை பிடிக்கும். பத்து முதல் பதினைந்து நாள் காய்ந்தபின் ஐந்து கிலோ பச்சை மஞ்சள் ஏறத்தாழ ஒரு கிலோவாக நிற்கும்.

விற்பனை நான்கு இடங்களில் நடக்கிறது: பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ஈரோடு கூட்டுறவு விற்பனைச் சங்கம், கோபி கூட்டுறவு விற்பனைச் சங்கம், வியாபாரிகள் சங்கத்தின் ஏல மையம். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரி வைக்கப்படும். வியாபாரி ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். ஒடியும் சத்தத்தில் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று தெரியும், முறிந்த இடத்தின் நிறத்தில் தரம் தெரியும். பிறகு விலை எழுதிக் கொடுப்பார்கள். ஒழுங்குமுறைக் கூடத்தில் விவசாயியிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது; ஒரு சதவீதச் சந்தைக் கட்டணத்தை வியாபாரிதான் கட்ட வேண்டும். விலை பிடிக்காவிட்டால் விற்க மறுக்கும் உரிமையும் விவசாயிக்கு உண்டு. இந்த இரண்டும் தெரியாமல் தோட்டத்திலேயே விற்றுவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

மஞ்சளை ஊரின் சேமிப்புக் கணக்கு என்றே சொல்லலாம். நன்றாகக் காய்ந்த மஞ்சள் இரண்டு மூன்று வருடம் குடோனில் நிற்கும். பணம் அவசரமென்றால் சரக்கை ஒழுங்குமுறைக் கூடத்துக் கிட்டங்கியில் வைத்து அதையே ஈடாகக் காட்டி மதிப்பில் முக்கால் பங்கு வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். ஆனால் இந்த வசதியே ஆபத்தும் ஆகிறது. 2010இல் குவிண்டால் சுமார் 17,000 ரூபாய் வரை போனது. அதைப் பார்த்து அடுத்த நடவில் பரப்பு பெருகியது. இன்னும் ஏறும் என்று சரக்கையும் பலர் பிடித்து வைத்தார்கள். 2012இல் விலை 4,000 ரூபாய் அளவுக்கு இறங்கியது. சுமந்த சரக்குக்கு வாடகை, கடனுக்கு வட்டி, வண்டு விழுந்த சேதாரம் எல்லாம் சேர்ந்து அடித்தது. விலை ஏறும்போது ஒரு பங்கை விற்று, செலவை எடுத்துவிட்டு மீதியை மட்டும் வைத்திருப்பவர்கள்தான் இந்தச் சுழலில் தப்புகிறார்கள். தெலங்கானாவின் நிஜாமாபாத்தும் மகாராஷ்டிரத்தின் சாங்கிலியும் விலையை நகர்த்தும் பெரிய சந்தைகள். அங்கே வரத்து எப்படி என்று கேட்காமல் ஈரோட்டு விலையை ஊகிக்க முடியாது.

இனி நீங்கள் கேட்ட ஜவுளி. பன்னீர்செல்வம் பார்க் பக்கத்து கனி மார்க்கெட் வாரச்சந்தை திங்கட்கிழமை இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். மொத்த வியாபாரம் இரவில்தான் சூடு பிடிக்கும். கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம் எனப் பல மாநில வியாபாரிகள் ரயிலில் வந்திறங்கி, வாங்கிக் கட்டி, புக்கிங்கில் போட்டுவிட்டு மறுநாளே திரும்புவார்கள். பகல் விடிந்தபின் வருவது பெரும்பாலும் சில்லறைக் கூட்டம். மொத்த விலையும் நல்ல தேர்வும் வேண்டுமானால் இரவே போய்விட வேண்டும். நகருக்கு வெளியே சித்தோடு பக்கம் கங்காபுரத்தில் டெக்ஸ்வேலி என்ற பெரிய வளாகமும் இருக்கிறது. லாரி நிறுத்த வசதி அங்கே அதிகம், மலிவு ரகங்களின் பரப்பு கனி மார்க்கெட்டில் அதிகம்.

எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெட்ஷீட், போர்வைக்குச் சென்னிமலை. ஜமுக்காளத்துக்குப் பவானி, அதற்குத் தனிப் புவிசார் குறியீடே உண்டு. லுங்கி, துண்டுக்கு ஆற்றின் அக்கரையில் குமாரபாளையம், பள்ளிபாளையம். சாயமேற்றாத ரயான் காடாத் துணிக்கு வீரப்பன்சத்திரம், மாணிக்கம்பாளையம், சித்தோடு, லக்காபுரம் பகுதி விசைத்தறிகள். ரெடிமேட், பனியன் ரகம் திருப்பூர் சரக்கு. மூலத்தில் நேராக வாங்கினால் மலிவு என்று நினைத்துத் தறிக்காரரிடம் போகிற புதியவர்கள் உண்டு. தறிக்காரர் பெரும்பாலும் ஜாப் ஒர்க் செய்பவர். நூல் வியாபாரியோ, ஆர்டர் பிடித்து நெய்யக் கொடுக்கும் மாஸ்டர் வீவரோ பாவும் (நீளவாட்டு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) கொடுப்பார். தறிக்காரர் மீட்டருக்கு இத்தனை என்று கூலிக்கு நெய்து திருப்பிக் கொடுப்பார். துணி தறிக்காரருடையதே அல்ல. சைசிங் ஆன, அதாவது கஞ்சி போட்ட, ஒரு பாவு தறியில் ஏறினால் நூற்றுக்கணக்கான மீட்டர் ஒரே ரகமாக இறங்கும். இருபது பீஸ் வேண்டுமென்று கேட்டால் அவரால் தர முடியாது. சிறு அளவில் தொடங்குகிறவருக்குச் சந்தைக் கடைதான் சரி.

வாங்கும்போது முதலில் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தை, நாடாவால் அளந்து பாருங்கள். நடுவில் ஓரிடம், இரண்டு முனையிலும் ஓரிடம். மலிவுச் சரக்கில் விலை குறைவது பெரும்பாலும் இங்கேதான்: அகலத்தில் ஓர் அங்குலம், நீளத்தில் ஒரு சாண். நான்கு முழ வேட்டி 2 மீட்டர் நிற்க வேண்டும், எட்டு முழம் 3.6 மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டாவது, ஒரே கட்டில் மேலே உள்ள பீஸை மட்டும் பார்க்காமல் நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பாருங்கள். இழை விட்டது, எண்ணெய்க் கறை, பட்டை விழுந்தது எல்லாம் செகண்ட்ஸ் என்று தனியாக விற்க வேண்டியவை. அவை நல்ல கட்டுக்குள் கலந்து வரலாம். மூன்றாவது, சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய மூன்றிலும்தான் அதிகம் ஒட்டும். ஒட்டினால் அது சோப்பிங், அதாவது மிஞ்சிய சாயத்தைச் சோப்பு நீரில் அலசுவது, சரியாக நடக்காத சாயம், வாடிக்கையாளர் முதல் சலவையிலேயே திரும்பி வருவார். நான்காவது, ரயான் வாங்கினால் ஒரு மீட்டர் வெட்டி நனைத்துக் காயவைத்து அளந்துவிட்டுத்தான் பெரிய ஆர்டர் தர வேண்டும். ரயான் பருத்தியைவிட அதிகம் சுருங்கும், ஈரத்தில் அதன் வலுவும் குறையும். சதுர மீட்டருக்கு 140 கிராம் துணி என்று சொல்லி 120 கிராம் கொடுத்தால் கையால் தெரியாது, தராசில்தான் தெரியும். ஒரு மீட்டரை நிறுத்து, அதை மீட்டர் கணக்கில் அகலத்தால் வகுத்தால் சதுர மீட்டர் எடை வந்துவிடும்.

விலையைவிடப் பெரிய விஷயம் தவணை. பழகிய வாடிக்கையாளருக்குச் சரக்கு கடனில் போகும். முப்பது நாள், அறுபது நாள், ஓணத்துக்கு எடுத்தது ஓணம் முடிந்து என்று ஓடும். ரொக்கத்துக்கும் கடனுக்கும் விலை வேறு. புதிதாக வருகிறவருக்கு ஒருவரும் கடன் தரமாட்டார்கள், அது அவமானமல்ல. ஐந்தாறு சந்தைக்கு ரொக்கமாக வாங்கி, ஒரே கடையில் ஒட்டி நின்றால் தானாகவே தவணை வரும். ஆனால் நீங்கள் கடன் கொடுக்கும் இடத்தில் கவனமாக இருங்கள். சிறு ஜவுளிக் கடைகள் பெரும்பாலும் நஷ்டத்தில் சாவதில்லை. வெளியூரில் மாட்டிய பாக்கியில்தான் சாகின்றன.

இதில் 2024இல் ஒரு சட்ட மாற்றம் உறைத்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவுப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கான பாக்கியை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் பணம் கட்டும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். வாங்கி விற்கும் வியாபாரிக்கு வர வேண்டிய பாக்கிக்கு இது பொருந்தாது. உற்பத்தி, சேவை செய்பவருக்கே. எனவே நீங்கள் தறி முதலாளியிடம் நேராக வாங்கினால் நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு அனுப்பும்போது வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில் (சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் வரம்பு ஒரு லட்சம். லாரி ரசீதில் வாடகை யார் கட்டுவது என்பதை 'டு பே' (வாங்குபவர் கட்ட வேண்டும்) அல்லது 'பெய்டு' (அனுப்புபவர் கட்டிவிட்டார்) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாமல் விட்ட ரசீதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

ஜவுளியின் ஆண்டு ஓட்டம் ஓணத்தில் ஏறி, தீபாவளியில் உச்சம் தொட்டு, பொங்கல் வரை நின்று, பிறகு தணியும். ரம்ஜான் எந்த மாதத்தில் விழுகிறதோ அங்கே இன்னொரு ஏற்றம். தறிகளுக்குத் தனியாக ஓர் ஆதாரம் உண்டு: 1983இல் தொடங்கிய அரசின் இலவச வேட்டி சேலைத் திட்டம். வேட்டி, சேலை ஒவ்வொன்றும் ஒன்றரைக் கோடிக்கு மேல் நெய்ய வேண்டிய இந்த ஆர்டரில் பெரும்பங்கு ஈரோடு, திருச்செங்கோடு பகுதி விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வருகிறது. ஜூலையிலேயே நூல் கிடைத்தால் பொங்கலுக்கு முன் நெருக்கடி இல்லாமல் முடியும். நூல் தாமதமானால் தறிகள் இரண்டு மாதம் சும்மா நின்று, கடைசியில் இரவு பகலாக ஓட வேண்டியிருக்கும். அப்போது வெளிச்சந்தைக்கு நெய்ய ஆளும் தறியும் கிடைக்காது. நூல் விலை திடீரென ஏறும் காலத்திலும் இதே கதிதான். ஏற்கெனவே பேசிய துணி விலையில் நெய்தால் நஷ்டம் என்று உற்பத்தி நிறுத்தம் அறிவிப்பார்கள். அந்த வாரத்தில் முதல் அடி கூலித் தறிக்காரருக்கு. அவரிடம் சேமிப்பும் இல்லை, சரக்கும் இல்லை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் இருப்பதால்தான் பல சிறு கூடங்கள் இன்னும் மூடாமல் இருக்கின்றன.

கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை வியாழக்கிழமை. கறவை மாடும் எருமையும் தேடிக் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரத்திலிருந்து வருவார்கள். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவது இன்னும் வழக்கத்தில் உண்டு. அன்றைக்குக் கைமாறும் ரொக்கம் அன்றே ஊர்க் கடைகளில் இறங்கும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. சிவகிரியில் எள், அவல்பூந்துறையில் கொப்பரை. இவற்றை நடத்துகிற லாரியும் பார்சல் கம்பெனிகளும் தனி உலகம். சேலம், கோவை, கரூர் மூன்று திசை ரயில் பாதைகளும் சந்திக்கிற ஜங்ஷன், லோகோ ஷெட், பக்கத்திலேயே சேலம்-கொச்சி நெடுஞ்சாலை ஆகியவை இல்லையென்றால் திங்கள் இரவு வாங்கிய சரக்கு புதன் காலை வெளிமாநிலக் கடையில் இறங்காது.

வெளியாரை நம்பிய ஊர் என்பதற்குத் தேர்தல் காலத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. ஈரோடு கிழக்குச் சட்டமன்றத் தொகுதியில் 2023 பிப்ரவரியிலும் 2025 பிப்ரவரியிலும் இடைத்தேர்தல் நடந்தது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாத ரொக்கத்தைப் பறக்கும் படை பிடிக்கும். மாடு வாங்க வருகிறவரிடம் எந்த ரசீது இருக்கும்? வெளி மாநிலக்காரர்கள் வராமல் நின்றார்கள். மாட்டுச் சந்தையும் ஜவுளிச் சந்தையும் ஒருசேரத் தொய்ந்தன. தேர்தல் அறிவிப்பு வந்தால் அந்த வாரங்களில் கொள்முதலைக் குறைத்து, வங்கி வழியாகவே பணம் அனுப்பி, வங்கியில் எடுத்த சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

குடிபோவது பற்றிக் கேட்டீர்கள். போகலாம், ஆனால் வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன் தண்ணீரைக் கேளுங்கள். சாயப்பட்டறை, சலவைப்பட்டறை, தோல் ஆலைக் கழிவுகள் பல ஆண்டுகள் காலிங்கராயன் வாய்க்காலிலும் காவிரியிலும் கலந்து நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கின்றன. கழிவு கலக்காமல் திருப்பிவிட வாய்க்காலை ஒட்டிப் பேபி கால்வாய் வெட்டியும், சொட்டுக்கூட வெளியேற்றக் கூடாதென்ற விதி இருந்தும், இரவில் திறந்துவிடும் பட்டறைகள் பற்றிய புகார் ஓய்ந்தபாடில்லை. வாய்க்கால் கரைக்காரர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சாயம் போடுவது மலிவாக முடிகிறதென்று மகிழ்கிற வியாபாரியும் இதை உணர வேண்டும். பி.பெ.அக்ரகாரம், கருங்கல்பாளையம், வீரப்பன்சத்திரம் பக்கம் போர் தண்ணீரைச் சோதித்த பிறகே முன்பணம் கொடுங்கள். குடிநீருக்கு பவானிக்கு மேலே ஊராட்சிக்கோட்டையில் காவிரியிலிருந்து எடுத்துவரும் திட்டம் இருக்கிறது. அந்த இணைப்பு வீட்டுக்கு வந்திருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, சந்தைக்கு இரவில் போய் வர வேண்டியவர் பன்னீர்செல்வம் பார்க்கிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பது நல்லது. மருத்துவமனை, பள்ளி முக்கியமென்றால் பெருந்துறை ரோடு. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை என்றால் பெருந்துறையிலேயே தங்கிவிடலாம். கடைக்கு முன்பணம் கொடுத்துக் கையெழுத்திடும் முன் குறைந்தது ஆறு திங்கட்கிழமை இரவுகள் சந்தையில் வாங்கி, வேறு ஊரில் விற்றுப் பாருங்கள். அந்த ஆறில் ஒன்றாவது பண்டிகைக்குப் பிந்தைய மந்த வாரமாக இருக்கட்டும்.